மாதிரிப் பெண்ணுக்குச் சீட்டு இல்லை

கூட்டத்தில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த டீச்சர், எதையும் முறையாகத் தொடங்கவில்லை என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

நீள மேசையின் தலைமாட்டில், தலைக்கு மேலும் ஒரு சாண் உயர்ந்த நாற்காலியில், இளம்பெண்கள் மாதச் சீர்மை மையத்தின் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் வாழ்க்கைமுறை அலுவலர். அவரை எல்லோரும் மேடம் என்பதால் நானும் மேடம் என்றே எழுதுகிறேன். இடப்பக்கம் மடிக்கணினியும் புள்ளிவிவரக்காரரும். மேடத்துக்கு அடுத்த நாற்காலி, கீழ்த்தளத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு. அதில் அவர் இல்லை. "நோயாளிகள் காத்திருக்கிறார்கள், மன்னிக்கவும்" என்று அவர் எழுதி அனுப்பிய துண்டுக் காகிதம் இருந்தது. அது பறக்காமல் இருக்க மேடம் அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார். மேசையின் கால்மாட்டில், கதவை ஒட்டி, நான்.

எனக்கு அங்கே இரண்டு வேலை. மையத்தின் கடிதப் பிரிவு உதவியாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பு எடுப்பது ஒன்று. கூட்டத்தின் பொருளாக இருப்பது இன்னொன்று.

"பொருள் ஒன்று," என்று இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மாதிரிப் பெண்ணுக்கு மாதவிடாய் வராதது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சார்."

"மூணாவது மாசமாங்கிறதையும் சேத்துக்குங்க."

சேர்த்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பில் 'நான்' என்று எழுதக் கூடாது என்பது விதி. அதனால் அன்று முழுவதும் நான் 'சம்பந்தப்பட்டவர்' ஆக இருந்தேன்.

நான் எப்படிச் சம்பந்தப்பட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். இளம்பெண்களுக்கு மாதவிடாய் முன்னே பின்னே வருவதற்குத் தூக்கம், சாப்பாடு, எடை, கவலை, ஷிப்ட் வேலை, அளவு மீறிய உடற்பயிற்சி எல்லாம் காரணமாகலாம் என்று எங்கள் மையம் ஒரு கையேடு போட்டிருந்தது. அட்டை வழவழப்பாக இருந்தது. ஆனால் யாரும் படிக்கவில்லை. "புத்தகத்தை நம்ப மாட்டாங்க, ஆளைக் காட்டினா நம்புவாங்க," என்று மேடம் கண்டுபிடித்தார். உடனே மையத்தில் வேலை பார்க்கும் பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருமென்று கேட்டார்கள். ஒருத்தி, "அதுக்கு என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு வரும் மேடம்," என்றாள். இன்னொருத்தி, "உங்களுக்கு எதுக்கு அது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். என் முறை வந்தது. நான் குதிகாலைச் சேர்த்து நின்று, "இருபத்தெட்டு நாள் மேடம். தவறினதே இல்லை," என்றேன்.

பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய பிறகு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த இரண்டாவது பாராட்டு அது. என் முயற்சி எதுவுமே இல்லாமல் நடக்கும் ஒரு காரியத்துக்காக என்னைப் பாராட்டுகிறார்களே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடுகிறவர் இயக்குநர்.

ஒரே வாரத்தில் என் படம் சுவரொட்டியில் வந்தது. ஆள்காட்டி விரலை உயர்த்தி, ஏதோ பேருந்தை நிறுத்துகிறவள் மாதிரி நிற்கிறேன். கீழே, "இவரைப் போல் வாழுங்கள்!" என்ற வாசகம். அலுவலகத்தில் எனக்குக் 'கடிகாரம்' என்று பெயர் விழுந்தது. கேலிக்குத்தான் சொன்னார்கள். நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சுவரொட்டி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டில் அக்காவிடம் விரித்துக் காட்டினேன். நானும் அக்காவும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். அவள் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. அவளுக்கு மாதவிடாய் நாற்பது நாளிலும் வரும், அறுபது நாளிலும் வரும்.

"நேரத்துக்குத் தூங்கணும்க்கா. எல்லாம் தூக்கத்துலதான் இருக்கு," என்றேன், விரலை உயர்த்தி.

"நான் தூங்கிட்டா பார்சலை யாருடி ஏத்துவா? உன் சுவரொட்டியா?" என்று கேட்டுவிட்டு அவள் அதைப் பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு. விரலை மட்டும் இறக்கச் சொல்லு, வலிக்கப் போகுது."

அவளுடைய அறியாமையை எண்ணி அன்று நான் வருத்தப்பட்டேன்.

பிறகு சுற்றுப்பயணம் தொடங்கியது. வெளியூர்க் கல்லூரி விடுதிகளுக்குப் போய், ஒழுங்காகத் தூங்குவது எப்படி என்று பேச வேண்டும். அதற்கு விடியுமுன் எழுந்து முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த விடுதிக்குப் போகும் வழியில் பிஸ்கட் தின்பேன். ஒரு விடுதியில் ஒரு மாணவி எழுந்து, "அக்கா, சீக்கிரம் படுங்கன்னு சொல்றீங்க. எங்க ஹாஸ்டல்ல ராத்திரி ஒரு மணிக்குத்தான் தண்ணி வருது. படுத்துட்டா யாரு பிடிக்கிறது?" என்று கேட்டாள். கையேட்டைப் புரட்டினேன். "தண்ணீர் வரும் நேரம் இந்தப் பதிப்பில் இல்லை," என்றேன். கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்பது பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் புரிந்தது.

திரும்பி வந்தால் மேடம் என்னை மேலும் கீழும் பார்ப்பார். "சுவரொட்டியில இருக்கிறதவிட முகம் கொஞ்சம் உப்பலா இருக்கு. மாதிரின்னா பார்த்ததும் தெரிய வேண்டாமா? மதியச் சாப்பாட்டைக் குறைச்சுக்குங்க. காலையில ஓடுங்க." ஓடினேன். குறைத்தேன். ஓடிவிட்டுக் குறைத்துக்கொண்டதால் கொஞ்ச நாளில் என் பாவாடை நாடாவை ஒரு முடிச்சு கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. மேடம் மகிழ்ந்தார். மேடமும் மதியம் சாப்பிடுவதில்லை. அவருடைய மேசை இழுப்பறை முழுக்கத் தலைவலி மாத்திரை.

இந்த நேரத்தில்தான் இயக்குநருக்குச் சீர்மைத் திருநாள் கொண்டாடும் யோசனை வந்தது. விழாத் தேதியை என்னிடம் கேட்டுத்தான் வைத்தார்.

"உங்களுக்கு என்னைக்கு வரும்?"

சொன்னேன்.

"அன்னைக்கே விழா. நிரூபணத்தோட நடத்தினாத்தான் மேலிடத்துல மதிப்பாங்க."

இதில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அழைப்பிதழின் வாசகத்தை நான்தான் எழுத வேண்டியிருந்தது, அதில் மூழ்கிவிட்டேன். "சொன்ன நாளில், சொன்னபடி" என்பது என் வாசகம். இயக்குநர் தட்டிக்கொடுத்தார்.

விழாவுக்கு மேடம் எனக்கு எடுத்துக் கொடுத்த உடை தூய வெள்ளை. புகைப்படத்தில் எடுப்பாக இருக்குமாம். அந்த நாளுக்கென்று வெள்ளை எடுத்துக் கொடுத்த முதல் பெண்மணி உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

ஒன்பது மணி விழாவுக்கு இயக்குநர் பத்தரைக்கு வந்து, "நம் மையத்தில் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை," என்று பேச்சைத் தொடங்கினார். "பெண் உடல் ஒரு புதிர் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு புதிரும் தெரியவில்லை. இந்தத் துறையில் ஒரு புத்தகம்கூடப் படிக்காமலே இருபது ஆண்டுகளாக இயக்குநராக இருக்கிறேன். என்ன குறைந்துவிட்டது?" முன்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள்.

பதினொன்றுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். நாற்காலியில் உட்காருமுன் குனிந்து, "வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துகிட்டே இருக்கு சார்," என்றார் இயக்குநர்.

பன்னிரண்டு ஆனது. பெண்கள் கழிவறைக்குப் போகும் நடைவழியில் மேடம் பூங்கொத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர். நான் உள்ளே போனேன், வெளியே வந்தேன், உதட்டைப் பிதுக்கினேன். மறுபடி போனேன். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு இன்னொரு திறப்பு விழா இருக்கே," என்றார். இயக்குநர் மேடையை விட்டு இறங்கி என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், ஒலிவாங்கி சட்டையில் மாட்டியிருப்பதை மறந்து, "கொஞ்சம் முயற்சி பண்ணும்மா," என்றார். அது கடைசி வரிசை வரை கேட்டது.

முயற்சி செய்தேன் என்பதை இங்கே வெட்கத்தோடு எழுதுகிறேன். கழிவறையில் கண்ணை மூடி நின்று, என் உடம்புக்கு அலுவலகத் தமிழில் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பிப் பார்த்தேன். பதில் இல்லை.

விருந்தினர் போய்விட்டார். பூங்கொத்தைப் புகைப்படக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் அறிக்கையில், "விழா சிறப்பாக நடந்தேறியது" என்று எழுதச் சொன்னார்கள். எழுதியதும் நான்தான்.

அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் தேதி தாண்டியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இருபத்தெட்டு நாள் பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை; உடம்புக்கு என்னவோ ஏதோ என்ற பயம் மட்டும் மிஞ்சியது. டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே டாக்டர் இருக்கிறார், அதுவும் இதற்கென்றே படித்தவர். சீட்டு போடும் ஜன்னலில் போய் நின்றேன்.

சீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தனக்குப் பின்னால் சுவரில் இருந்த என்னையும் பார்த்தார்.

"உங்களுக்குச் சீட்டு போட முடியாதும்மா."

"ஏன்?"

"நீங்க மாதிரி. மாதிரி எப்படி நோயாளி ஆக முடியும்? கணினி ஏத்துக்காது. மாதிரி, நோயாளின்னு ரெண்டு கட்டத்துலயும் ஒரே ஆள் வந்தா சிவப்பா காட்டுது."

"எனக்கு உடம்பு சரியில்லைங்க."

"நம்புறேன்மா. கணினி நம்பணுமே."

நடைவழியில் டாக்டரம்மாவை மறித்துக்கொண்டேன். அவர் இரண்டு கையிலும் கோப்புகளோடு ஓடிக்கொண்டிருந்தார். ஓடியபடியே கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"மூணாவது, டாக்டர்."

நின்றுவிட்டார். "எடை குறைஞ்சிருக்கா? தூக்கம்? கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கா?"

"குறைஞ்சிருக்கு. தூக்கமில்லை. வாய்ப்பில்லை."

"மூணு மாசம் வரலைன்னா சும்மா விடக் கூடாதும்மா. இந்த ஓட்டமும் பட்டினியுமே காரணமா இருக்கலாம், தைராய்டாவும் இருக்கலாம், வேற எதாவதாவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்க்கணும். சீட்டு போட்டுட்டு வா."

"சீட்டு தர மாட்டேங்கிறாங்க."

அவர் சுவரொட்டியைப் பார்த்தார். "ஓ, அது நீதானா?" என்றவர் பெருமூச்சு விட்டார். "போன மாசம் சீட்டில்லாம ஒரு பொண்ணைப் பார்த்ததுக்கே எனக்கு மெமோ வந்துச்சு. நல்ல தமிழ்ல இருந்துச்சு."

அந்த மெமோவும் நான் எழுதியதுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

இப்படி, சீட்டு கேட்டு நான் ஏறி இறங்கிய செய்தி மாடிக்குப் போய், தொடக்கத்தில் சொன்ன கூட்டம் கூடியது.

முதலில் புள்ளிவிவரக்காரர் பேசினார். "நம்ம ஆய்வுல ஒரே ஒரு மாதிரிதான் இருக்கு. அதனால சராசரியும் இவங்கதான், சராசரிலேர்ந்து விலகினதும் இவங்கதான். இவங்களை நீக்கிட்டா ஆய்வு சுத்தமாயிடும். ஆனா ஆய்வுல யாருமே இருக்க மாட்டாங்க."

"யாருமே இல்லாத ஆய்வுல தப்பும் வராதே," என்றார் இயக்குநர், ஆர்வமாக.

"வராது சார். ஆனா மேலிடத்துல நிதி தர மாட்டாங்க."

இயக்குநரின் ஆர்வம் அடங்கியது. மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க கவலைப்படுறீங்களா?"

"ஆமா மேடம்."

"கவலைப்படக் கூடாதுன்னு கையேட்டுல ஒரு அதிகாரமே இருக்கே!"

"அதைப் படிச்சதுலேர்ந்துதான் மேடம் கவலை அதிகமாச்சு."

"பாருங்க சார், ஒத்துழைப்பே இல்லை. நான் எவ்வளவு பாடுபட்டு இவங்க எடையைக் குறைச்சேன்! ஓட விட்டேன், ஊர் ஊரா அனுப்பினேன், ஒரு நாள் சும்மா உட்கார விடலை. இவ்வளவு செஞ்சும் இவங்க உடம்பு இப்படி நடந்துக்குதுன்னா நான் என்ன செய்ய முடியும்?"

நான் ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தேன். அவர் சொன்னதைத் திருத்த வேண்டிய அவசியமே எழவில்லை.

இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உரிய நாள்ல வராததுக்கு விளக்கம் கேட்டு இவங்களுக்கு ஒரு மெமோ. அதை... நீங்களே தயார் பண்ணிடுங்க, உங்க எழுத்து சுத்தம். ரெண்டு, மூணு மாசமும் உரிய தேதியிலேயே வந்துடுச்சுன்னு இவங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே நிரந்தர ஆணை. நான் யாரையும் கட்டாயப்படுத்துறவன் இல்லை. ஆனா ரெண்டாவது வழியைத்தான் நீங்க தேர்ந்தெடுத்திருக்கீங்க."

"சார், அப்படிக் கையெழுத்துப் போட்டா எனக்கு டாக்டர் சீட்டு கிடைக்குமா?"

"எல்லாம் சரியா இருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா டாக்டர்?" என்று அவர் உண்மையிலேயே வியப்போடு கேட்டார்.

கூட்டம் தேநீருடன் இனிதே முடிந்தது.

எதற்கும் கோப்பில் இருக்கட்டும் என்று இயக்குநர் சொன்னதால், அன்று பிற்பகல் நான் எனக்கு ஒரு மெமோவும் தயாரித்தேன். "தங்களுக்கு மாதவிடாய் உரிய நாளில் நிகழாமை குறித்து, தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." படித்துப் பார்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. ஒரு கணம் மகிழ்ந்தேன், மறுகணம் பயந்தேன். இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, நானே எனக்கு அனுப்பி, நானே பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டேன்.

மெமோவையும், கையெழுத்துக்காகக் காத்திருந்த இரண்டாவது தாளையும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அக்காவுக்கு அன்று பகல் வேலை முடிந்திருந்தது. இரண்டையும் படித்தாள். படித்துவிட்டு என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"உனக்கு வேலை வேணுமா, டாக்டர் வேணுமா?"

"ரெண்டும் வேணும்க்கா."

"ரெண்டும் ஒரே கட்டடத்துல இருக்கு. ஆனா உனக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க போல."

"கையெழுத்துப் போட்டுட்டு வேற ஆஸ்பத்திரில காட்டிக்கலாமேன்னு பார்க்கிறேன்."

"காட்டிக்கோ. அங்க போய் என்ன சொல்லுவ? மூணு மாசமா வரலைம்பியா, தேதி தவறாம வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ம்பியா?" அவள் தண்ணீர் குடித்தாள். "எனக்கு முன்னே பின்னே வருதுன்னு உனக்கு எவ்வளவு இளக்காரம்! ஆனா நான் ஒரு நாளும் வராததை வந்துச்சுன்னு சொன்னதில்லைடி. சாப்பிடு."

சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு முழுச் சாப்பாடு. பிறகு தாளை எடுத்து, இடது ஓரம் மடித்து, எழுத உட்கார்ந்தேன்.

"ஐயா, வணக்கம். தங்கள் மெமோ கிடைத்தது. அதைத் தயாரித்தவர் என்ற முறையில் அதில் பிழை எதுவும் இல்லை என்பதை உறுதி செய்கிறேன். எனக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. இதற்குக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. மையத்தின் கையேட்டில் தூக்கமின்மை, பட்டினி, எடை குறைதல், அளவு மீறிய ஓட்டம், கவலை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. இவை அனைத்தும் எனக்கு அலுவல் ஆணையாக வழங்கப்பட்டு, என்னால் தவறாமல் நிறைவேற்றப்பட்டன. ஆயினும் இவைதாம் காரணம் என்று நான் கூறவில்லை. அதை ரத்தம் பார்த்து டாக்டர்தான் கூற முடியும். டாக்டரைப் பார்க்கச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமானால் நான் மாதிரியாக இருக்கக் கூடாது. எனவே இக்கடிதம் கிடைத்த நேரம் முதல் என்னை மாதிரிப் பொறுப்பிலிருந்து விடுவித்து, நோயாளியாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிரந்தர ஆணை தொடர்பாகத் தாங்கள் விரும்பியபடி முடிவெடுக்கலாம். இதன் நகல் மேலிடத்துக்கும், புறநோயாளிப் பிரிவு டாக்டருக்கும் அனுப்பப்படுகிறது."

அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "திட்டவே இல்லையே?"

"மரியாதையாத்தான் எழுதணும்க்கா."

"அதான் பயமா இருக்கு," என்று சிரித்தாள்.

மூன்று உறைகள். கோந்து காய்ந்துபோயிருந்தது. அக்கா கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த பார்சல் டேப்பை எடுத்து, ஒவ்வொரு உறையையும் குறுக்கிலும் நெடுக்கிலும் வரிந்து ஒட்டினாள். "பிரிக்கிறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கணும்," என்றாள்.

எனக்கும் இயக்குநர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் மறுநாள் காலை தபால் அலுவலகத்துக்குப் போனேன். கையில் கொடுத்தால் அது வேண்டுகோள், மேசையில் வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். பதிவுத் தபாலில் வந்தால் அது கடிதம்.

ஜன்னலில் இருந்தவர் மூன்று உறைகளையும் எடை போட்டார். டேப்பைப் பார்த்து, "உள்ள கண்ணாடிச் சாமானா?" என்றார்.

"இல்லைங்க. விளக்கம்." பழக்க தோஷத்தில், "என்னைக்குப் போய்ச் சேரும்?" என்றும் கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நாளைக்கும் போகலாம், நாலு நாளும் ஆகலாம். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துடும்."

சில மாதங்களுக்கு முன்னால் என்றால், விரலை உயர்த்தி, நாள் தவறாமையைப் பற்றி அவருக்குப் பத்து நிமிடம் சொல்லியிருப்பேன். "சரிங்க," என்றேன். அவர் மூன்றிலும் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.